மகோடோ ஷின்காயோட ரெண்டு காதல் படங்கள்: ஒன்னுல ஏன் சேரல, இன்னொன்னுல எப்டி சேந்தாங்க

ஜப்பான் அனிமேஷன் டைரக்டர் மகோடோ ஷின்காயோட யுவர் நேம் பாத்து உருகிப்போயி, அதே டைரக்டர் எடுத்த பழைய படம்னு தேடிப்புடிச்சு 5 சென்டிமீட்டர்ஸ் பெர் செகண்ட் பாத்த முக்காவாசி பேர் கேக்கறது ஒன்னே ஒன்னு தான், "என்ன இப்டி முடிச்சிட்டாரு?". இதுக்கு எதிர்ப்பக்கம் ஒரு கூட்டம் இருக்கு, 2007லேர்ந்து ஷின்காய் படங்கள பாத்துட்டு வர்றவங்க, அவங்கள கேட்டா யுவர் நேம் கூட்டம் சேக்கறதுக்காக வளைஞ்சு குடுத்த படம், அந்தப் பழைய வலி தான் நெசம்னு சொல்வாங்க. எனக்கு ரெண்டு பேச்சும் ஒத்துக்கல. ஒரே மனுஷன் ஒரே கேள்விய ஒம்பது வருஷ இடைவெளியில ரெண்டு தடவ கேட்டிருக்கார், ரெண்டாவது தடவ பதில் மாறுனதுக்கு காசு மட்டும் காரணம் இல்லன்னு தான் நான் நினைக்கறேன். ரெண்டு படத்தோட முடிவும் கீழ முழுசா வரும், பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிங்க.

ஷின்காய் பத்தி கொஞ்சம் சொல்லிட்டு போறேன். 1973ல நகானோ மாகாணத்துல கோஉமிங்கற மலையூர்ல பொறந்தவர், டோக்கியோவுல சுவோ யுனிவர்சிட்டில ஜப்பானிய இலக்கியம் படிச்சவர், அப்பறம் ஃபால்காம்னு ஒரு கேம் கம்பெனில கேம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வர்ற வீடியோக்கள செஞ்சிட்டு இருந்தார். வேலைய விட்டுட்டு கிட்டத்தட்ட ஒத்த ஆளா வீட்ல ஒரு மேக் கம்ப்யூட்டர வெச்சு 25 நிமிஷப் படம் ஒன்னு செஞ்சார், 2002ல வந்த வாய்சஸ் ஆஃப் எ டிஸ்டன்ட் ஸ்டார். பொண்ணு விண்வெளிக்கு போயிடுவா, பையன் பூமில இருப்பான், அவ அனுப்பற மெசேஜ் வந்து சேர்ற நேரம் நீண்டுக்கிட்டே போயி கடைசில ஒரு மெசேஜ் வர எட்டு வருஷத்துக்கு மேல ஆகும். இவரோட மொத்த சரக்கும் அந்த 25 நிமிஷத்துலயே இருக்கு: ரெண்டு பேர், நடுவுல தூரம், போய்ச்சேராத ஒரு செய்தி. அதுக்கப்பறம் வந்ததெல்லாம் அந்த தூரம் எதனால ஆனதுங்கறதுல தான் மாறுது.

5 சென்டிமீட்டர்ஸ் 2007 மார்ச்ல வந்தது, மொத்தமே 63 நிமிஷம், மூனு பாகம். தகாகியும் அகாரியும் டோக்கியோவுல ஒரே ஸ்கூல், ரெண்டு பேருமே வேற ஊர்லேர்ந்து நடுவுல வந்து சேந்தவங்க, கிரவுண்ட விட லைப்ரரி தான் புடிக்கும், மத்த பசங்க கிண்டல் பண்ணுவாங்க, அப்டி ஒட்டிக்கிட்டாங்க. அடுத்து ஒரே மிடில் ஸ்கூல் போலாம்னு நெனச்சிட்டு இருக்கறப்ப அகாரி வீட்ல டோச்சிகி பக்கம் குடிபோயிடறாங்க. லெட்டர் போட்டுக்கறாங்க. அப்பறம் தகாகி வீட்லயும் காகோஷிமா பக்கம், நாட்டோட தெக்கு மூலைக்கு மாத்தல் ஆகுது. இனிமே ரயில் ஏறி பாக்கற தூரம் கூட இல்ல, அதனால போறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடலாம்னு அவன் கெளம்பறான். 90கள் நடுவுல, மார்ச் மாசம், பள்ளிக்கூடம் விட்டு நேரா ஸ்டேஷன்.

இந்த ரயில் பயணம் தான் என்னப் பொறுத்தவரைக்கும் ஷின்காய் எடுத்ததுலயே பெரிய காட்சி. எந்த லைன்ல ஏறி எங்க மாறணும்னு அவன் முன்னாடியே தாள்ல எழுதி வெச்சிருக்கான், ஷின்ஜுகு, ஓமியா, ஓயாமா, அங்கேர்ந்து ரியோமோ லைன்ல இவாஃபுனே, ராத்திரி 7 மணிக்கு ஸ்டேஷன்ல பாக்கறோம்னு பேச்சு. பனி கொட்ட ஆரம்பிக்குது, ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் அறிவிப்பு வருது, தாமதத்துக்கு வருந்துகிறோம்னு திரும்பத் திரும்ப, அப்பறம் யாருமே இல்லாத வெட்டவெளில ரயில் நின்னுடுது, ரெண்டு மணி நேரம் நகரவே இல்ல. போன் கெடையாது, அவகிட்ட வீட்டுக்கு போயிடுன்னு சொல்ல வழி கெடையாது, அவ போயிருக்கணும்னும் வேண்டிக்கறான், இருக்கணும்னும் ஆசப்படறான், பதிமூனு வயசுப் பையன் கண்ணீர அடக்கிட்டு கெடிகாரத்த கழட்டி வெக்கறான். நடக்கறது இவ்ளோ தான், ஆனா பாக்கற நமக்கு மூச்சு முட்டும். ஏன்னா இங்க வில்லன் யாரும் இல்ல, எதிர்க்கற அப்பா அம்மா இல்ல, சாதி இல்ல, சண்ட இல்ல, பனியும் டைம்டேபிளும் மட்டும் தான்.

11 மணிக்கு மேல போயி சேர்றான். அவ வெயிட்டிங் ரூம்ல அடுப்பு பக்கத்துல ஒக்காந்திருக்கா, அவனுக்கு சாப்பாடு கட்டி எடுத்துட்டு வந்திருக்கா. அழுதுட்டே சாப்பிடறாங்க, பனிக்குள்ள நிக்கற ஒரு செர்ரி மரத்தடில முத்தம் குடுத்துக்கறாங்க, ராத்திரி ஒரு கொட்டகைல தங்கிட்டு காலைல முதல் ரயில்ல அவன் திரும்பிடறான்.

அங்க தான் நிறைய பேர் கவனிக்காம போற ஒரு விஷயம். அவளுக்கு குடுக்க ரெண்டு வாரமா ஒரு லெட்டர் எழுதி எடுத்துட்டு வந்தான், வழில பிளாட்ஃபார்ம்ல காத்து அடிச்சு பறந்து போச்சு. அத அவகிட்ட சொல்றதே இல்ல. அவளும் ஒரு லெட்டர் எழுதி பைல வெச்சிருக்கா, அதயும் குடுக்கறதே இல்ல. முத்தத்துக்கு அப்பறம் உலகமே மாறிப்போன மாதிரி இருக்கு, அந்தக் காகிதம் இனி எதுக்குன்னு தோணிடுது. பனி தடுத்தத அவன் தாண்டி வந்துட்டான், நேர்ல நிக்கறான், எதிர்ல அவ நிக்கறா, வாயத் தொறந்து சொல்ல வேண்டியத ரெண்டு பேரும் சொல்லல. படத்தோட முடிவு இவாஃபுனே ஸ்டேஷன்லயே எழுதியாச்சு, மிச்ச ரெண்டு பாகமும் அதோட விளைவு தான்.

பேர்லேர்ந்தே பாத்தீங்கன்னா இந்தப் படம் எல்லாத்தயும் அளந்துக்கிட்டே இருக்கும். செர்ரி பூவோட இதழ் விழற வேகம் நொடிக்கு 5 சென்டிமீட்டர்னு அகாரி சொல்றா. ரெண்டாவது பாகத்துல, தகாகி குடிபோன தனேகாஷிமா தீவுல ராக்கெட்ட லாரில வெச்சு கொண்டுபோறப்ப மணிக்கு 5 கிலோமீட்டராம்னு கூட படிக்கற கனாயேங்கற பொண்ணு சாதாரணமா சொல்ல தகாகி ஒரு நிமிஷம் திடுக்குனு நிக்கறான், அவனுக்கு அகாரியோட குரல் கேக்குது. மூனாவது பாகத்துல அவனோட இருந்த பொண்ணு மெசேஜ் அனுப்பறா, ஆயிரம் தடவ மெசேஜ் பண்ணாலும் மனசு ஒரு சென்டிமீட்டர் தான் கிட்ட வந்திருக்கும்னு. இது எல்லாமே அளக்க முடிஞ்ச தூரம். அளக்க முடிஞ்சா கடக்கவும் முடியும். தகாகி வளந்து டோக்கியோவுல ப்ரோக்ராமரா வேல பாக்கறான், அவ ஊரு அதே ரயில் லைன்ல தான் இருக்கு, டிக்கெட் எடுத்தா போயிடலாம். போகல. லெட்டர் மெதுவா நின்னு போச்சு, யாரு நிறுத்துனாங்கன்னு கூட படம் சொல்லல, அனுப்பாத மெயில டைப் பண்ணி டைப் பண்ணி அழிக்கற பழக்கம் மட்டும் அவன்கிட்ட தங்கிடுச்சு.

இப்ப யுவர் நேம். 2016 ஆகஸ்ட் 26ல ஜப்பான்ல வந்தது. ஹிடா மலைப்பக்கம் இடோமோரின்னு கற்பனையா ஒரு ஏரிக்கரை ஊரு, அங்க கோயில் வீட்டுப் பொண்ணு மிட்சுஹா, டோக்கியோ யோட்சுயா பக்கம் இருக்கற பையன் டாக்கி. தூங்கி எந்திரிச்சா அவ ஒடம்புல இவன், இவன் ஒடம்புல அவ. போன்ல டைரி எழுதி வெச்சு ஒருத்தர் வாழ்க்கைய ஒருத்தர் சமாளிக்கறாங்க, பாதி படம் சிரிச்சிட்டே போகும். திடீர்னு நின்னுடுது. அவளத் தேடி டாக்கி ஹிடாவுக்கு ரயில் ஏறிப்போறான், ஊர் பேர் கூட ஞாபகம் இல்ல, ஞாபகத்துலேர்ந்து வரைஞ்ச படங்கள காட்டி காட்டி கேக்கறான், கடைசில ஒரு ராமென் கடைல தான் அது இடோமோரின்னு தெரியுது, அந்த ஊரு மூனு வருஷம் முன்னாடியே வால்நட்சத்திரத்துண்டு விழுந்து அழிஞ்சு போச்சுன்னும் தெரியுது. செத்தவங்க பட்டியல்ல அவ பேரு இருக்கு.

(அப்ப ரெண்டு பேரும் மூனு வருஷ இடைவெளில இருந்துக்கிட்டு தான் ஒடம்பு மாறியிருக்காங்க. கிழமை மாறுமே, போன்ல வருஷம் தெரியுமே, ரெண்டு பேரும் எப்டி கவனிக்கலன்னு எல்லாரும் கேக்கற கேள்வி சரியான கேள்வி தான். கனவு மாதிரி மங்கலா இருக்கும்னு படம் ஒரு சமாதானம் சொல்லுது, எனக்கு அது பாதி தான் போதுது. ஆனா அந்தப் பட்டியல்ல அவன் வெரல் நிக்கற எடத்துல அந்தக் கேள்வி காணாம போயிடும், அது தான் படத்தோட பலம்.)

பாருங்க, தடை எப்டி தலைகீழா ஆயிடுச்சுன்னு. முதல் படத்துல ரயில் ஏறினா போற தூரம், போகல. ரெண்டாவதுல எந்த ரயிலும் போகாத தூரம், நடுவுல மூனு வருஷமும் ஒரு சாவும் கெடக்கு, போதாக்குறைக்கு மறதி வேற, போயிடறாங்க. ரெண்டுலயும் சம்பந்தப்பட்டவங்க வயசு, தயக்கம், அந்த தனிமை எல்லாம் கிட்டத்தட்ட ஒன்னு தான். வித்தியாசம் முயற்சில இருக்கு. தகாகி ஒரு தடவ பயணம் போனான், அதுக்கப்பறம் வாழ்நாள் பூரா அந்த ஒரு ராத்திரிய திரும்பிப் பாத்துட்டே இருந்தான். டாக்கி போறான், ஊர் இல்லன்னு தெரிஞ்சும் மலை மேல ஏறி கோயிலுக்குள்ள போறான், அவ மென்னு செஞ்ச அரிசிச் சாராயத்த குடிக்கறான், திரும்ப அவ ஒடம்புக்குள்ள போயி கெடைச்ச ஒத்த நாள்ல கூட்டாளிகள சேத்துக்கிட்டு கரண்ட் ஸ்டேஷன வெடிக்க வெச்சு ஊர காலி பண்ணப் பாக்கறான்.

மிட்சுஹாவயும் விட்டுட முடியாது, சொல்லப்போனா அவ தான் முதல்ல கெளம்புனவ. வால்நட்சத்திரம் விழறதுக்கு முந்தின நாள் தனியா டோக்கியோ வந்து நாள் பூரா தேடி ரயில்ல அவன கண்டுபுடிச்சு பேசறா, அவனுக்கு அவ யாருன்னே தெரியல, ஏன்னா அவனுக்கு அது இன்னும் மூனு வருஷம் கழிச்சு நடக்கப்போற கதை. அவமானமா இருக்கு, எறங்கப்போறா, அந்த நேரத்துல அவன் பேரு என்னன்னு கேக்கறான், அவ தலைல கட்டியிருந்த செவப்பு கயித்த கழட்டி வீசிட்டு பேர கத்தி சொல்லிட்டு எறங்கறா. அந்தக் கயித்த மூனு வருஷம் அவன் கைல கட்டியிருந்தான், எதுக்குன்னே தெரியாம. இவாஃபுனே பிளாட்ஃபார்ம்ல அகாரி பைக்குள்ளயே வெச்சுக்கிட்ட லெட்டரும் இந்தக் கயிறும் ஒரே பொருள் தான்னு எனக்குத் தோணும், ஒருத்தி குடுக்கல, ஒருத்தி ரயில்லேர்ந்து எறங்கற நேரத்துல குடுத்துட்டா. அகாரிய குத்தம் சொல்லல, அந்த வயசுல நானா இருந்தாலும் பைலயே வெச்சிருப்பேன்.

நடுவுல என்ன நடந்துச்சுங்கறது தான் இந்த ஒப்பீட்டோட மையம். 2011 மார்ச் 11. 9 மேக்னிட்யூட் அளவுல நெலநடுக்கம், பின்னாடியே சுனாமி, வடகிழக்கு ஜப்பான் கடலோரத்துல ஊர் ஊரா அழிஞ்சது, செத்தவங்களும் காணாம போனவங்களும் சேத்தா 18,000க்கு மேல. நேத்து வரைக்கும் இருந்த ஊரு இன்னிக்கு இல்லங்கறது கதையில இல்ல, செய்தியில வந்தது. அந்த பேரழிவு இல்லன்னா யுவர் நேம் இப்டி வந்திருக்காதுன்னு ஷின்காயே பேட்டிகள்ல சொல்லியிருக்கார். 2004 சுனாமிக்கு அப்பறம் நாகப்பட்டினத்துலயோ முல்லைத்தீவுலயோ இருந்த யாருக்கும் இத தனியா விளக்க வேண்டாம், முன்னாடியே தெரிஞ்சிருந்தா, ஒரு மணி நேரம் முன்னாடி யாராவது கத்தி எழுப்பியிருந்தாங்கற அந்த நெனப்பு.

2007ல எடுத்த படத்துல இழப்புங்கறது நிதானமா நடக்கறது. வேல, ஊர் மாத்தல், வயசு, மறதி. நாளைக்கும் உலகம் இதே மாதிரி இருக்கும்ங்கற நம்பிக்கை இருந்தா தான் ஒருத்தன் பத்து வருஷம் அமைதியா ஒருத்திய நெனச்சிட்டே இருக்க முடியும். 2011க்கு அப்பறம் அந்த நம்பிக்கையோட கதை சொல்ல முடியல. சொல்லாம விட்டா நாளைக்கு சொல்லிக்கலாம்னு இல்ல, ஊரே இருக்காது. அதனால தான் யுவர் நேம்ல எல்லாரும் ஓடறாங்க, கத்தறாங்க, கையில எழுதறாங்க. இத சமரசம்னு சொல்றவங்க அந்த ஒம்பது வருஷத்துல அந்த நாட்டுக்கு என்ன ஆச்சுன்னு மறந்துட்டு பேசறாங்க. அப்பறம் 2022ல சுசுமேங்கற படத்துல அவர் சுத்தி வளைக்காம நேராவே அந்த நெலநடுக்கத்த கதைக்குள்ள கொண்டு வந்தார்.

காசு, ஆள்பலம் பேசாம இருக்க முடியாது, அதயும் சொல்லிடறேன். 5 சென்டிமீட்டர்ஸ் சின்ன டீமோட எடுத்தது, முகங்கள் ரொம்ப எளிமையா இருக்கும், கண்ணும் வாயும் பெருசா நடிக்காது. அதனால உணர்ச்சி மொத்தத்தயும் வானமும் மின்கம்பியும் ஸ்டேஷன் போர்டும் கடைய விட்டு வர்ற வெளிச்சமும், மேல ஓடற குரலும் தான் சொமக்குது. நெஜ எடங்கள போட்டோ எடுத்து அத வெச்சு வரைஞ்ச பின்னணி, இசையமைப்பாளர் தென்மோனோட பியானோ. அந்தக் கட்டாயத்துலேர்ந்தே ஒரு அழகு வந்துச்சு, மனுஷங்க பேசாததால நெலம் பேசுச்சு. யுவர் நேம்ல டோஹோங்கற பெரிய பட கம்பெனி பின்னாடி நிக்குது, பிரின்சஸ் மோனோனோகேலயும் ஸ்பிரிட்டட் அவேலயும் வேல பாத்த மசாஷி ஆண்டோ அனிமேஷன் டைரக்டர். ஒடம்பு மாறற கதைக்கு இது இல்லாம முடியாது, பொண்ணு ஒடம்புல இருக்கற பையன் எப்டி கால போட்டு ஒக்காருவான், எப்டி நடப்பான்னு வசனம் இல்லாம தெரியணும், அது வரையற கோட்டுல இருக்கு. பாட்டும் அப்டி தான், 5 சென்டிமீட்டர்ஸ் கடைசில வர்ற மசாயோஷி யமாசாகியோட ஒன் மோர் டைம், ஒன் மோர் சான்ஸ் 1997ல ஏற்கனவே வந்த பாட்டு, பழைய நெனப்ப ஒரே அடியா தெறந்து விட்டுடும். யுவர் நேமுக்கு ராட்விம்ப்ஸ் பாண்டு கதை எழுதறப்பவே கூட ஒக்காந்து பாட்டு போட்டாங்க, பாட்டுக்கு ஏத்த மாதிரி காட்சியும் மாறுச்சு, அதனால பாட்டு கதைய முன்னாடி தள்ளும். ஜப்பான்ல மட்டும் 2,500 கோடி யென்னுக்கு மேல வசூல், அந்த நேரத்துல ஜப்பானியப் படங்கள்ல ஸ்பிரிட்டட் அவேக்கு அடுத்த எடம்.

முடிவுக்கு வருவோம். 5 சென்டிமீட்டர்ஸ்ல வளந்த தகாகி ஒரு ரயில்வே கேட்ட கடக்கறான், எதிர்ல ஒரு பொண்ணு கடக்கறா, ரெண்டு பேருக்கும் ஏதோ பொறி தட்டுது, இப்ப திரும்பினா அவளும் திரும்புவான்னு உறுதியா தெரியுது, திரும்பறான், நடுவுல ரெண்டு பக்கமும் ரயில் போகுது, போனதுக்கப்பறம் பாத்தா அந்தப் பக்கம் யாரும் இல்ல. லேசா சிரிச்சிட்டு திரும்பி நடக்கறான். இத சோகம்னு மட்டும் எடுத்துக்கறவங்க அந்த சிரிப்ப விட்டுடறாங்க. பல வருஷமா தூக்கிட்டு திரிஞ்சத அவன் கீழ வெச்ச நேரம் அது. அவ நிக்கலங்கறது துரோகம் இல்ல, அவளுக்கு கல்யாணம், அவ வாழ்க்கைய அவ வாழறா.

யுவர் நேம்ல ஷின்காய் இதே காட்சிய திரும்ப வெக்கறார், அதுவும் ரெண்டு தடவ. ஊர்க்காரங்க தப்பிச்சு மிட்சுஹாவும் பொழச்சு சில வருஷம் ஆனப்பறம், முதல்ல டோக்கியோவுல பனி விழற ராத்திரி நடைமேம்பாலத்துல ரெண்டு பேரும் குடை புடிச்சிட்டு எதிரெதிரா கடந்து போறாங்க, ஒருத்தர் திரும்பறப்ப இன்னொருத்தர் திரும்பல, முடிஞ்சது. பழைய ஷின்காயா இருந்தா படம் அங்கயே முடிஞ்சிருக்கும், தெரிஞ்சே தான் அத அங்க வெச்சிருக்கார். அப்பறம் பக்கத்துல பக்கத்துல ஓடற ரெண்டு ரயில்ல கண்ணாடி வழியா பாத்துக்கறாங்க. முன்னாடி படத்துல ரெண்டு பேர பிரிச்ச அதே ரயில் இங்க ரெண்டு பேர காட்டிக்குடுக்குது. அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி தேடி ஓடறாங்க, யோட்சுயாவுல சுகா கோயில் படிக்கட்டுல மேலயும் கீழயும் நிக்கறாங்க, பேசாம கடந்து போறாங்க, கடந்தே போயிட்டாங்க. அப்ப தான் டாக்கி திரும்பி கூப்பிடறான். அடுத்தவங்க பேரு ரெண்டு பேருக்குமே ஞாபகம் இல்ல, எதுக்கு அழறாங்கன்னும் தெரியல. ஆனாலும் கேக்கறான். சேந்ததுக்கு காரணம் விதின்னு படத்த பாத்துட்டு சொல்றவங்க உண்டு, நான் ஒத்துக்க மாட்டேன், விதி படிக்கட்டு வரைக்கும் தான் கொண்டு வந்து விட்டுச்சு, அதே வேலைய முதல் படத்துல ரயில்வே கேட்டு வரைக்கும் அதுவும் செஞ்சது தான்.

இவ்ளோ சொல்லிட்டு, யுவர் நேம் எழந்தத சொல்லலன்னா நியாயம் இல்ல. ரெண்டாவது பாகத்து கனாயே. தீவுல ஸ்கூல் கடைசி வருஷம் படிக்கற பொண்ணு, தகாகி மேல உசிர வெச்சிருக்கா, வில்வித்த கிளாஸ் முடிஞ்சு அவன் வண்டி எடுக்க வர்ற நேரம் பாத்து தற்செயலா வந்த மாதிரி வந்து நிப்பா, கடைல என்ன குடிக்கலாம்னு முடிவு பண்ணவே அவளுக்கு நேரம் ஆகும். கடல்ல பலகை மேல நின்னுட்டா சொல்லிடறதுன்னு முடிவு பண்ணி, ஒரு நாள் நின்னும் காட்டிட்டா. சாயங்காலம் சட்டைய புடிச்சு இழுக்கறா, அவன் திரும்பி பாக்கற பார்வைல எதுவும் சொல்லாதன்னு இருக்கு. வண்டி வேற கெட்டுப்போகுது, நடந்தே போறாங்க, அவ அழறா, அந்த நேரம் பாத்து ராக்கெட் வானத்த கிழிச்சிட்டு போகுது. அவன் எங்கிட்ட நல்லா தான் பழகறான், ஆனா அவன் பாக்கறது என்னைய தாண்டி எங்கயோ தூரத்துலன்னு அவளுக்கு அன்னிக்கு தான் முழுசா புரியுது. நாளைக்கும் அவன புடிக்கும்னு நெனச்சிட்டே அழுது தூங்கிடறா. அவளுக்கு எந்த பதிலும் கெடைக்கல, படமும் அவளுக்கு ஆறுதல் சொல்லல, அவள பாத்து பாவப்படவும் இல்ல, முழு மரியாதையோட பக்கத்துல நிக்குது.

யுவர் நேம்ல கனாயேக்கு எடம் இல்ல. அவளுக்கு கிட்ட வர்றது டாக்கி வேல பாக்கற ஓட்டல்ல இருக்கற ஒகுதேரா தான், அவளுக்கும் அவன் மேல கொஞ்சம் விருப்பம் இருந்துச்சு, அவன் மனசு வேற எங்கயோ இருக்குன்னு கண்டுபுடிச்சு ஒதுங்கிக்கறா, பின்னாடி கைல மோதிரத்த காட்டி நீயும் நல்லா இருன்னு சொல்லிட்டு போயிடறா. அவளோட வலி ரெண்டு வசனத்துல முடிஞ்சிடும், ஏன்னா கதைக்கு நேரம் இல்ல, வால்நட்சத்திரம் வருது. உலகத்தோட அளவுக்கு காதல பெருசாக்குனா இப்டி பக்கத்துல நிக்கறவங்க சுருங்கிப்போறத தடுக்க முடியல, இதுக்கு அப்பறம் வந்த வெதரிங் வித் யூலயும் எனக்கு அதே கொறை இருந்துச்சு.

அதனால யுவர் நேம் மட்டும் பாத்துட்டு 5 சென்டிமீட்டர்ஸ் முடிவுல கோவப்பட்டு மூடி வெச்சவங்ககிட்ட ஒன்னு கேட்டுக்கறேன், திரும்ப முழுப்படமும் பாக்க வேண்டாம், அந்த ரெண்டாவது பாகத்த மட்டும் தனியா போடுங்க, இருபது நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல வரும், தகாகி அகாரி சேந்தாங்களாங்கறத மறந்துட்டு கனாயேயோட கதையா பாருங்க.